மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

“நான் இன்னும் முடிக்கலப்பா…”

“நீ என்னிக்குடி முடிச்சிருக்க? ஒருத்தர் நல்ல வார்த்தை சொன்னா அதைப் பிடிச்சுக்கிட்டு…”

“சந்தோஷம் நம்ம கையிலதான் இருக்குன்னு தாமோதரன் அங்கிள் சொன்னாரு. அப்படின்னா, சந்தோஷமா இல்லாதவங்க எல்லாரும் வேணும்னே அப்படி இருக்காங்க. அம்மா செத்தன்னிக்கு அழுதீங்களே, அது நீங்களா எடுத்த முடிவா?”

“அம்மாவை எதுக்கு இதுல இழுக்கற?”

“நான் இழுக்கல. அவர் சொன்னதுக்குள்ள அம்மாவும் வர்றாங்க.”

ராகவன் பேப்பரை மடித்து டீப்பாயில் போட்டார். ரோகிணிக்கு அந்தச் சத்தமே மண்டையில் அடித்தது. இரண்டு நாளாக மாத்திரை இல்லை. தலையைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் சுரீரென்று ஒன்று ஓடுகிறது.

அவளுக்கு ஆட்டிசம் என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்னது போன வருஷம்தான், இருபத்தெட்டு வயதில். கேட்டதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மாத்திரை அதற்கில்லை, மனச்சோர்வுக்கு. இரண்டும் வேறு வேறு என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு எல்லாம் ஒன்றுதான்: ‘இவளோட மூடு’.

“அந்த மனுஷன் உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னார்.”

“தெரியும். அதனாலதான் ஒரு வாரமா யோசிச்சேன். கெட்டதுக்குச் சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன்.”

போன ஞாயிறு அப்பாவின் நண்பர் தாமோதரனின் சிரிப்பு மன்றம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடியது. இவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருபது பேர் வட்டமாக நின்று ஹா ஹா என்று அலறினார்கள். இவள் காதைப் பொத்திக்கொண்டு, “எதைப் பார்த்துச் சிரிக்கணும் அங்கிள்?” என்றாள். “எதையும் பார்க்க வேணாம், சும்மா சிரி.” “அப்போ பொய்யா?” அதற்கும் வட்டம் முழுக்கச் சிரித்தது.

“உன்னைவிடக் கஷ்டப்படறவங்களை நெனச்சுப் பாருன்னு சொன்னாரே, அதுலயாவது என்ன தப்பு கண்டுபிடிச்ச?”

“ஒருத்தனுக்குக் கால் இல்லன்னா எனக்கு ஏன்பா சந்தோஷம் வரணும்? அது எவ்வளவு அசிங்கம்! அதை எப்படி வாய் கூசாமச் சொல்றீங்க?”

“இப்படி எல்லாத்தையும் பிச்சுப் பிச்சுப் பார்க்கறதுதான் உன் வியாதியே. மாத்திரை இல்ல, மனசுதான் மாறணும்.”

“மாத்திரை டப்பா எங்க?”

“பத்திரமா இருக்கு. இந்த மாசம் முழுக்க கடற்கரைக்கு நட. அப்புறம் பார்க்கலாம்.”

“திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் உங்க எதிர்லதானே சொன்னாரு? டப்பாவுல நான் சிவப்பு அட்டை மாட்டியிருந்தேன்.”

ராகவன் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பாதுகாப்புப் பிரிவு. பழுது பார்க்க இறங்குகிறவன் மின்சாரத்தை அணைத்து, சுவிட்சில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மாட்டியவனே வந்து கழற்றும்வரை வேறு எவனும் கை வைக்கக் கூடாது, மேலதிகாரியே ஆனாலும். சோறு பிசைந்துகொண்டே ரோகிணிக்கு அவர் சொல்லித் தந்த சட்டம் அது. வீட்டில் கிடந்த அட்டை ஒன்றைத்தான் அவள் தன் பெயரெழுதி டப்பாவில் கட்டியிருந்தாள். பிறர் கை படாமல் இருக்க இந்த வீட்டில் அதைவிடப் பெரிய காவல் எது?

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்கார எல்லம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“இன்னா சார், காலங்காத்தால ரெண்டு பேரும் கத்திக்கினு கீறீங்க? அந்த மாத்திரை டப்பாவா? நீதானே குப்பை வண்டியில போடச் சொல்லிக் குடுத்த?”

“எல்லம்மா, நீ வெளிய போ.”

“நான் இன்னாத்துக்குப் போவணும்? செவப்பு அட்டை ஒண்ணு தொங்கிக்கினு இருந்துச்சும்மா. அது ஆபீசு பொருளுன்னு சார் அறுத்து ஜோபியில போட்டுக்கினாரு.”

ராகவனின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. துணிக்குள் சிவப்பு தெரிந்தது.

ரோகிணி கத்தவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்று, எப்போதும் பார்க்காத அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நான் மாட்டின அட்டையை யாரைக் கேட்டுப்பா கழட்டினீங்க?”