ஷஃபீக்காவின் நிழல் உட்கார்ந்த கோடை

ஜூன் மாதத்தில், சிரியாவின் அலெப்போ நகரில் கிறிஸ்தவர்கள் வாழும் ஜுதைதா பகுதியில், ஷஃபீக்காவின் நிழல் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஷஃபீக்கா நின்றுகொண்டுதான் இருந்தாள். புளிப்புச் செர்ரி வந்து இறங்கிய நாள் அது. மேசை மேல் கூடை கூடையாகப் பழம், கொட்டை எடுக்கக் கொண்டை ஊசி, முழங்கைவரை சிவப்புச் சாறு. அவள் அடுப்புக்கும் தொட்டிக்குமாக நடந்தாள். நிழல் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்தபடி இருந்த இடத்திலேயே இருந்தது. பழத்தில் புழு கண்டவள்போல ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

தாய் இறந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அன்று அடுப்பின் முன் நின்றவள், தம்பிகள் இருவருக்கும் தலை நரைத்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். கோடை வந்தால் செர்ரிச் சாற்றில் வேகும் இறைச்சி உருண்டை, ஜாம், சர்பத், ஜாம் வைத்துச் சுடும் பிஸ்கெட் என்று பழம் தீரும்வரை மூச்சுவிட நேரமிருக்காது. பெண் கேட்டு வந்தவனிடம், செர்ரி முடியட்டும் என்றாள். அவன் அடுத்த செர்ரிக்குள் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான்.

மூத்த தம்பி ஃபத்ஹல்லா துணிக்கடைக்காரன். வெயில்தான் காரணம் என்று ஜன்னலை மூடி விளக்கைப் போட்டான். விளக்கிலும் நிழல் உட்கார்ந்தே இருந்தது. நாற்காலியை முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டான். நிழல் தரையில் சம்மணமிட்டது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை தம்பிக்குப் பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள இத எழுப்பி விட்டுரு."

"நானா உக்கார வெச்சேன்? நீயே சொல்லிப் பாரு."

இளைய தம்பி நஸ்ரிக்கு நாற்பது கடந்து கூடிவந்த சம்பந்தம் அது. அவன் தரையில் குனிந்து கெஞ்சியும் பார்த்தான். நிழல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண் ஒடெட் பெற்றோரோடு வந்தாள். தண்ணீர் கேட்டு அடுக்களைக்கே வந்தவள், சாற்றைக் கிளறிக்கொண்டிருந்த ஷஃபீக்காவைப் பார்த்தாள். சுவரில் தலை சாய்த்துக் கிடந்த நிழலையும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கடைசியா எப்போ உக்காந்தீங்க?"

ஷஃபீக்கா யோசித்தாள். "சர்ச்சுல உக்காருவேன்."

"அது சாமிக்காக உக்கார்றது."

ஒடெட் முற்றத்திலிருந்து நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

"வேணாம்மா, அடிப்பிடிச்சிரும்."

"பிடிச்சா பிடிக்கட்டும்."

உட்கார்ந்தால் இனி எழ முடியாதோ என்று ஷஃபீக்காவுக்குப் பயம். என்றாலும் உட்கார்ந்தாள். நிழல் நகர்ந்து வந்து அவளோடு பொருந்திக்கொண்டது. அவள் பயந்ததுபோலவே அதன்பிறகு எழவில்லை.

ஒடெட் நஸ்ரியைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினாள். "கிண்டுங்க. நான் இந்த வீட்டுக்கு வரணும்னா இன்னொரு நாற்காலியும் வேணும். உங்க அண்ணன வரச் சொல்லுங்க, பழம் நிறைய கெடக்கு."

ஃபத்ஹல்லா இது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

அன்றைய சாப்பாடு கருகலாகவும் கொட்டையோடும் மேசைக்கு வந்தது. ஒடெட்டின் அப்பாவுக்குப் பல் ஒன்று உடைந்தது. உடைந்த துண்டைத் தட்டோரம் வைத்துவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். திராட்சை பழுத்த காலத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் கோடை முழுவதும் ஷஃபீக்கா உட்கார்ந்தே இருந்தாள். சர்க்கரை எவ்வளவு என்று தம்பிகள் கேட்டால், "ருசி பாத்துக்கோங்க" என்பாள்.

பின்வந்த வருடங்களில் அந்தத் தெருவில் வேறு சில வீடுகளிலும் நிழல்கள் உட்கார்ந்தன. யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.