நான்கு பேர் பணியில்

காலை எட்டு மணிக்குப் பானுப்ரியா பூட்டைத் திறந்தாள். நான்கு அறைகளிலும் விளக்கைப் போட்டாள். நான்கு மின்விசிறிகளையும் சுழலவிட்டாள். கட்டிடம் முழுக்க ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

இருந்தது அவள் ஒருத்திதான்.

திண்டிவனத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற குடிசைப் பகுதிக்கென்று கட்டிய நகர்ப்புற சுகாதார நிலையம் அது. டாக்டர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், நர்ஸ் என்று நான்கு பேருக்கான இடம். டாக்டர் ராஜ்குமார் மேல்படிப்புக்குப் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. மருந்தாளுநரை ஒரே ஒரு வாரத்துக்கு என்று விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. டெக்னீஷியனுக்கு வேறு மாவட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. மிஞ்சியது நர்ஸ் பானுப்ரியா. ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு.

ஆனால் கணினியில் நான்கு பேரும் பத்திரமாக இருந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போகிற அன்று டாக்டர் ஒரு காலி மாத்திரை அட்டைப்பெட்டியின் பின்புறம் நான்கு பாஸ்வேர்டுகளையும் எழுதிக்கொடுத்த கையோடு சொன்னார். "தினமும் நாலு லாகின்லயும் என்ட்ரி விழணும் சிஸ்டர். விழலைன்னா ஓடாத சென்டர்னு மூடிடுவாங்க. புது ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டாள். டாக்டர் முன்பே எழுதிவைத்த சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அப்படியே கொடுத்தாள். புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். மற்றதற்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியைக் கை காட்டினாள். சாயங்காலம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். டாக்டர் பதிவை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுவாள். மருந்துப் பதிவுக்கு மருந்தறை ஸ்டூல். ஏன் அப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒரு நாள் டாக்டர் லாகினைத் திறந்ததும் திரையில் பலூன்கள் பறந்தன. 'பிறந்தநாள் வாழ்த்துகள், டாக்டர்.'

"தேங்க்ஸ்" என்றாள் பானுப்ரியா, வாய்விட்டு. அன்று நோயாளிகளைத் தவிர வேறு யாரிடமாவது அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அனந்தபுரத்திலிருந்து அம்மா போனில் கேட்பாள். "கூட ஆளுங்க கீறாங்களாடி?"

"மூணு பேரும் இருக்காங்கம்மா."

இந்த லட்சணத்தில்தான் வெள்ளையம்மாள் வந்து சேர்ந்தாள். பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, வேகவைத்த வேர்க்கடலை, விற்கிறவள். சர்க்கரை வியாதி. வலது கால் சுண்டுவிரலில் ஆறாத புண்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேனே, போனீங்களா?"

"போன வாரமே போனேன் நர்சம்மா. காலைல இருந்து லைன்ல நின்னேன். ஒரு புள்ள கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு, 'உங்க ஏரியா டாக்டரே வாராவாரம் பாத்துக்கினு இருக்காரே, அங்கியே காட்டு'ன்னு தொரத்தி வுட்டுச்சு. அவரு போயிட்டாரும்மான்னேன். அதெல்லாம் இல்ல, செவ்வாக்கெழமகூட உன்னப் பாத்துருக்காருன்னுது. எனக்கே பேஜாராப் பூடுச்சு, நெசமாவே பாத்தாரோன்னு."

சொல்லிவிட்டு வெள்ளையம்மாள் சிரித்தாள். பானுப்ரியா சிரிக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்ட விரல்கள் இப்போது கட்டைப் பிரித்தன.

சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது.

அடுத்த பத்தாவது நிமிடம் சென்டருக்குப் பூட்டு. ஷேர் ஆட்டோவில் வெள்ளையம்மாளை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், வரிசையைப் பிளந்துகொண்டு சர்ஜன் முன்னால் நிறுத்தினாள்.

"ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் சர்ஜன்.

ஒரு வாரம் முன்னாடி அவள் வந்துதான் இருந்தாள். மறுநாள் விரலை எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் பானுப்ரியா விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். மாவட்ட அலுவலகத்தில் பணியிடங்களைக் கவனிக்கும் கண்காணிப்பாளர் மாசிலாமணி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு திரையைத் தட்டினார்.

"திண்டிவனமா? உங்களுக்கு இன்னாம்மா கொறைச்சல்? மாவட்டத்துலயே உங்க ரிப்போர்ட்டுதான் கிளீனு. நாலு போஸ்ட்டு, நான்கு பேர் பணியில். நீயே பாரு."

"டாக்டர் போய்ப் பதினொரு மாசம் ஆகுது சார்."

"சம்பளம் நின்னுருக்கும். அது வேற செக்‌ஷன். அவங்க லிஸ்ட்டு இங்க வராது, எங்க லிஸ்ட்டு அங்க போகாது. எங்களுக்கு லாகின்தாம்மா ஆளு."

"காலிப் பணியிட லிஸ்ட் எப்ப சார் போகுது?"

"சென்னைக்கா? இன்னிக்கு அஞ்சு மணிக்கு. அதுல ஏறினாத்தான் நிதி ஒதுக்குவாங்க, ஆள் போடுவாங்க. வுட்டா அடுத்த வருஷந்தான்."

சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைக் காட்டியது. அடுத்த வருஷத்துக்குள் இன்னும் எத்தனை விரல்கள் என்று அவள் மனம் கணக்குப் போட மறுத்தது.

"எங்க சென்டரைச் சேர்த்துடுங்க சார்."

மாசிலாமணி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "எழுதிக் குடு, சேக்கறேன். ஆனா இத்தினி நாளா டாக்டர் லாகின்ல போட்டது யாருன்னு மேல கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "தெரியலைன்னு எழுதிடேன். விசாரணைன்னு ஒரு ஆறு மாசம் இழுப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

"அப்படி எழுதினா லிஸ்ட்ல ஏறுமா?"

"விசாரணை முடியற வரைக்கும் ஏறாது."

"நான்தான்னு எழுதினா?"

"லிஸ்ட்டு ஏறும். நீ எறங்கிடுவே. கான்ட்ராக்ட்டு தானே? வூட்ல வேற யாரு சம்பாதிக்கிறாங்க?"

"நான் மட்டும்தான் சார்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் தள்ளினார்.

நான்கு பேராக எழுதிப் பழகிய கைக்கு ஒரே ஆளாக எழுதுவது தடுமாற்றமாக இருந்தது. இரண்டு முறை பேனாவை மூடினாள். எழுதி முடித்தபோது மணி நான்கு. கடைசி வரி: 'மேற்கண்ட எல்லாப் பதிவுகளையும் நான்தான் செய்தேன்.' கீழே ஒரே ஒரு கையெழுத்து.

மாசிலாமணி படித்தார். ரப்பர் ஸ்டாம்ப் வைத்தார். "இவ்ளோத்தையும் நீ ஒண்டியா பாத்தியா?"

"ஆமா சார்."

"பாதி கெட்டுப்போகட்டும்னு வுட்டிருந்தா, போன வருஷமே ஆள் போட்டிருப்பாங்கம்மா."

மறுநாளிலிருந்து சென்டரில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. அடுத்த வாரம் வெள்ளையம்மாள் நொண்டிக்கொண்டே கட்டு மாற்ற வந்தாள்.

"இன்னா நர்சம்மா, டாக்டர் ரூம் இருட்டா கீது?"

"டாக்டர் இல்லீங்கம்மா."

"அது எங்க எல்லாருக்குந்தான் தெரியுமே. ஆளில்லாத ரூமுக்கு ஃபேன் போட்டு வெச்சுக்கினு இருந்தே. பாவம், ஒண்டியா இருக்க பயந்துக்கினு போட்டுக்குதுன்னு நாங்க யாரும் கேக்கல."

பானுப்ரியா குனிந்து பஞ்சை மருந்தில் நனைத்தாள். ரொம்ப நேரம் நனைத்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. முதல் உறையில் டாக்டர் ஷாலினி, ஒரு மருந்தாளுநர், ஒரு டெக்னீஷியன் என்று மூன்று நியமன உத்தரவுகள். இரண்டாவது உறை அவளுக்கு. மாதக் கடைசியோடு ஒப்பந்தம் ரத்து.

புது ஆட்கள் வந்து சேர்ந்தது அந்த மாதத்தின் கடைசி நாளில்.

மத்தியானம் நான்கு பேரும் மருந்தறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டெக்னீஷியன் கேட்காமலேயே அவள் டிபன் மூடியில் ஊறுகாய் வைத்தான். டாக்டர் ஷாலினிக்குச் சின்ன வயது. "எனக்கு இந்த ஏரியாவே புதுசு சிஸ்டர். நீங்கதான் பக்கத்துல இருந்து சொல்லித் தரணும்" என்றாள்.

"இன்னிக்கு இருப்பேன் டாக்டர்" என்றாள் பானுப்ரியா.

சாயங்காலம் டேப்லெட்டை எடுத்தாள். தன் லாகினை மட்டும் திறந்தாள். பணியாளர் நிலவரம் என்ற பக்கத்தில், நர்ஸ் என்ற வரிக்கு எதிரே 'காலி' என்று மாற்றினாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் பதிவான காலியிடம் அது.

வாசல் பெஞ்சில் வெள்ளையம்மாள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். "எங்க கெளம்பிட்ட? நான் டாக்டரம்மாவப் பாக்கக் குந்திக்கினு கீறேன்." கூடையிலிருந்து ஒரு பொட்டலம் மல்லாட்டையை எடுத்து அவள் கையில் திணித்தாள். அதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான்கு ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது.

அனந்தபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் அடித்தது. அம்மா.

"கூட ஆளுங்க கீறாங்களாடி?"

"வந்துட்டாங்கம்மா" என்றாள் பானுப்ரியா. "மூணு பேரும் வந்துட்டாங்க."