சாவியில்லாத லாரி

ராணுவத்தில் ஓடிக் கழிந்த லாரி ஒன்றை வாங்கப்போவதாகக் கவின்ராஜ் சொன்னபோது, அவன் அப்பா கரியப்பன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"சண்டைக்குப் போன வண்டியா?"

"சண்டைக்கெல்லாம் போகலப்பா. அரிசி மூட்டையும் சிப்பாயும் ஏத்திட்டு எங்கியாச்சும் மலையில ஏறி எறங்கியிருக்கும்."

"ஏறிப்போன சிப்பாயெல்லாம் திரும்பி வந்தாங்களான்னு உனக்குத் தெரியுமா?"

கவின்ராஜ் மனைவியின் பக்கம் பார்த்தான். ஜோதிமணி ரசத்தை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்கு அந்த லாரியை முன்பே தெரியும். ஹுணசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் ஓர் இடம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோவிலுக்கென்று கிளப்பி அங்கேதான் கூட்டிப் போயிருந்தான். பச்சைப் பெயின்ட் வெளுத்துப்போய், சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நின்றது வண்டி. பெண் பார்க்க வந்தவன்போல அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"நாலு சக்கரமும் இழுக்கும் ஜோதி. ஹனூர்ப் பக்கம் மலைக்காட்டுல ராகி வெளையுது, உருளைக்கெழங்கு வெளையுது. எந்த லாரிக்காரனும் மேல போறதில்ல. நான் போவேன்."

லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து மைசூரில் யாருடைய டிப்பரிலோ ஜல்லி அடித்துக்கொண்டிருந்தவன் அவன். தன்னுடையது என்று ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டும் என்பதைத் தவிர அவன் கேட்டது வேறெதுவும் இல்லை. அவளை மேலே ஏற்றி உட்காரவைத்து, புதுப் பொம்மையைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"இது பேட்டரி ஸ்விட்ச். இந்தப் பட்டன அமுக்குனா வண்டி ஓடும். நிறுத்தறதுக்கு, இங்க பாரு, ஸ்டியரிங்குக்குக் கீழ எடது கைப் பக்கம் கருப்பா ஒரு குமிழ். இத இழுத்துப் புடிக்கோணும். சத்தம் அடங்கற வரைக்கும் விடப்படாது."

"சாவி எங்கீங்க?"

"சாவியே கெடையாது. குண்டு விழுகறப்ப எவன் சாவியத் தேடிட்டு நிப்பான்?"

"எவனாச்சும் திருடிட்டுப் போயிட்டா?"

"திருடறவன் மொதல்ல இதுக்குக் கியர் போடக் கத்துக்கோணும். அதுக்குள்ள நான் டீ குடிச்சுட்டே வந்துருவேன்."

கரியப்பன் ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பச்சை நிறம் இருந்த இடம் தெரியக்கூடாது. அதன்பிறகு அக்ரஹாரத்துப் பிள்ளையார் கோவிலில் பூஜை.

"சாவியச் சாமி காலடியில வெச்சு எடுத்துத்தான் வண்டி ரோட்டுல எறங்கோணும். அதுல ஏறிப்போன உசுருகளோட பாரமெல்லாம் அங்கியே கழிஞ்சிரோணும். இதுக்கு ஒத்துக்கறதுன்னா வாங்கு. இல்லாட்டி ஜல்லியே அடி."

அந்த வீட்டில் சைக்கிளுக்குப் பிறகு வந்த எல்லா வண்டியின் சாவியும் அந்தப் பிள்ளையாரின் காலடியில் கிடந்துதான் வந்திருக்கிறது. இந்த வண்டிக்குச் சாவியே இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். கவின்ராஜ் "சரிப்பா" என்றான்.

நீல வண்ணம் அடித்துக்கொண்டு வந்த லாரி அக்ரஹாரத்துத் தெருவில் நுழைந்தபோது ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாரும் கன்னடத்தில் வைதார்கள். பூக்கடைக்காரி தன் குடையை மடக்கி வழிவிட்டு, "ஏன்ப்பா, கோட்டைய இடிக்கவா வந்திருக்கே?" என்று சிரித்தாள். பூசாரி முன்கண்ணாடியில் சந்தனம் வைத்துப் பொட்டிட்டார். மாலை போட்டார். பிறகு சாவிக்காகத் தட்டை நீட்டினார்.

"கீ கொடி ஸ்வாமி."

கவின்ராஜ் சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். கரியப்பன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் காது சிவப்பதை ஜோதிமணி கண்டாள். முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தில் இருந்து பீரோச் சாவியைக் கழற்றி, "எங்கிட்டக் குடுத்து வெச்சீங்களே, மறந்துட்டீங்களா?" என்று தட்டில் போட்டாள்.

பூசாரி அதைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, குங்குமம் தடவி எடுத்து வந்தார். கரியப்பன் கை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு மகனிடம் கொடுத்தார்.

"பாத்துப் போ சாமி."

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி நகர்ந்தது. அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்து துண்டு எடுக்கும்போது கவின்ராஜ், "ஏ ஜோதி, இனிமே நம்ம பீரோவுக்கு ஆக்சிடெண்டே ஆகாது போ" என்றான். இருவரும் சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மழைக்காலம் முழுக்க அவன் ஓட்டினான். வேறு வண்டி ஏறாத தடத்தில் ஏறி, சேறு அப்பிய சக்கரத்தோடு திரும்பிவந்து, வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். கரியப்பன் மட்டும் ஒருநாளும் அதில் ஏறவில்லை. "ஏணி வெச்சு ஏறோணுமாட்டிருக்குது, முட்டி தாங்காது" என்பார்.

ஒருநாள் மத்தியானம் ஜோதிமணி வீட்டில் தையல் மெஷினில் இருந்தாள். போனில் அவன் பெயர் வந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

பேசியது வேறு யாரோ. கன்னடத்தில் கத்திப் பேசினான். பின்னால் லாரியின் உறுமல் கேட்டது. மேடம், இந்த லாரியை எப்படி நிறுத்துவது? சாவியைக் காணோம், தேடித் தேடிப் பார்த்துவிட்டோம், ஓடிக்கொண்டே இருக்கிறது, சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

எங்கேயோ வழியை மறித்து நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான் என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கம் கருப்புக் குமிழ், இழுத்துப் பிடியுங்கள், சத்தம் அடங்குகிறவரை விடாதீர்கள் என்று அவளும் கன்னடத்தில் சொன்னாள். அவன் சொன்னபடி செய்தான் போலிருக்கிறது. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

அந்த அமைதியில்தான் அங்கே ஒரு கூட்டம் நிற்பது அவளுக்குக் கேட்டது. யாரோ ஒரு பெண் "அய்யோ பாப" என்று பரிதாபப்பட்டாள். பிறகு அந்த ஆள் குரலைத் தாழ்த்தி, "நீங்க அவருக்கு என்ன வேணும், அக்கா?" என்று கேட்டான். மேடம் அக்காவாகிவிட்டிருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதென்று கவின்ராஜ் ஓரமாக நிறுத்தி இறங்கியிருக்கிறான். பின்னால் வந்த ஒரு கார் அவனை அடித்துவிட்டது. லாரியில் ஒரு கீறல் இல்லை.

ஹனூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அழுது முடித்ததும் ஆளுக்கு ஆள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பட்டாளத்து வண்டியாமே. பலி வாங்கின வண்டியை எதற்கு வாங்கினான்? அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதெல்லாம் கரியப்பன் ஒரே பதிலைச் சொன்னார்.

"வண்டியச் சொல்லாதீங்க. சாமி காலடியில சாவிய வெச்சு எடுத்த வண்டி அது."

ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் ஜோதிமணி எழுந்து அடுப்படிக்குள் போனாள். அவர் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். அதுவும் பொய் என்று தெரிந்தால், சாமியை ஏமாற்றித்தான் மகன் போனான் என்று ஆகிவிடும். அப்புறம் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்? அவளுமே, கண்ணை மூடினால், குங்குமம் ஒட்டிய அந்தச் சாவியைத்தான் பார்த்தாள்.

எலும்பு பொறுக்கிக்கொண்டு வந்த அன்று அவர் அவளிடம் வந்து நின்றார்.

"அந்த வண்டிச் சாவிய எடுத்து வெய் கண்ணு. அஸ்தியோட அதையும் ஆத்துல விட்டுரலாம்."

"சரிங்க மாமா" என்றாள். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை பீரோவைத் திறந்தாள். அவன் சட்டைகள் தொங்கின. கடைசியாகக் கழற்றிப் போட்டதைத் துவைக்காமல் அதற்குள்தான் வைத்திருந்தாள். ஒன்றையாவது எடுத்து வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று கை போனது. வெளியே வைத்தால் யாராவது துவைத்துவிடுவார்கள். அப்படியே பூட்டினாள். அந்தப் பீரோ இனித் திறக்காது, திறக்காமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற லாரியைக் கவின்ராஜோடு டிப்பர் ஓட்டிய மஞ்சுநாத் போய் எடுத்து வந்திருந்தான். ஆற்றுக்கு அவனே ஓட்டினான். பெண்கள் வரவேண்டாம் என்று யாரோ சொன்னதற்கு, "அவ வரட்டும்" என்றார் கரியப்பன். மண்கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முட்டி வலியைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் முதன்முதலாக அந்த லாரியில் ஏறினார்.

காவிரியில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கலயத்தைக் கரைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் நின்றபடியே அவர் கையை நீட்டினார். படியில் நின்ற ஜோதிமணி முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவர் ஈரக் கையில் வைத்தாள். அவர் விரலை மடக்கினார். கையை ஓங்கவும் செய்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

திரும்பிப் படியேறி வந்து சாவியை அவளிடமே நீட்டினார்.

"அவஞ் சட்டையெல்லாம் அதுக்குள்ளதான கண்ணு இருக்குது?"

அவள் சாவியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பீரோவ உங்க கல்யாணத்துக்கு நாந்தான வாங்கிப்போட்டேன். அதோட சாவி எனக்குத் தெரியாதா?"

"மாமா, அன்னிக்கே..."

"அன்னிக்கே கையில வாங்குனதும் தெரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவன் மூஞ்சியப் பாத்தேன். சின்ன வயசுல திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா எப்படி இருப்பானோ அப்படி நின்னான். எப்படிச் சொல்றது?" அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார். "ஆத்துல போட்டுட்டா யாருக்குந் தெரியாமப் போயிரும்னு பாத்தேன். உனக்கும், எனக்கும். அவஞ் சட்டை நெனப்பு இப்பத்தான் வந்துச்சு."

அதே லாரியில் வீடு திரும்பினார்கள். வாசலில் மஞ்சுநாத் வண்டியை நிறுத்தினான். நியூட்ரலில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இடது கையைக் கொண்டுபோனான்.

"அண்ணா" என்றாள் ஜோதிமணி. "கொஞ்ச நேரம் ஓடட்டுங்ணா."

அவன் கையை எடுத்துக்கொண்டான். கரியப்பன் இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை. லாரி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு ஓடிற்று.