பச்சைச் சட்டையின் முறை

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதின்மூன்றாம் நாள், புதன்கிழமை பிற்பகல், சிதம்பரத்தில் உள்ள ஒரு வீடியோ கேம் கூடத்தில், என் மனைவி ஜெயராணியின் முறையை ஓர் இளம்பெண் என்னைக் கேளாமல் ஆடிவிட்டாள். இதுவே என் புகார். ஜெயராணி சென்ற ஆண்டே காலமாகிவிட்டாள் என்பது இந்தப் புகாருக்கு மறுமொழி ஆகாது.

என் பெயர் சார்லஸ். கடலூர் முதுநகரில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். புகார் எழுதுகிறவர் நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று வகுப்பில் கற்பித்தவன். ஆகையால் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜெயராணிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், டயாலிசிஸ் செய்வதற்காக அவளைப் புதன்தோறும் சனிதோறும் சிதம்பரத்துக்கு அழைத்துச் செல்வேன். முதுநகர் ஜங்ஷனில் காலைப் பாசஞ்சர் ஏறினால் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போய்ச் சேரும். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு நடை தள்ளாடும். திரும்பும் ரயிலுக்கோ நிறைய நேரம் இருக்கும். நிலையத்துக்குப் போகும் தெருவில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு அடுத்த கண்ணாடிக் கதவை ஒரு நாள் யாரோ திறந்தார்கள். உள்ளிருந்து ஏசிக் காற்று எங்கள் முகத்தில் அடித்தது.

"இது இன்னா கடைன்னு தெரில. ஆனா நான் இங்கதான் குந்தப்போறேன்" என்றாள் ஜெயராணி.

அது வீடியோ கேம் கூடம். கார் ஓட்டுவதும் துப்பாக்கி சுடுவதுமான பெரிய இயந்திரங்களைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் பாலகுமார், குறிஞ்சிப்பாடிக்காரர். மூலையில் மரப்பெட்டி போன்ற ஒரு பழைய இயந்திரத்தையும் அதன்முன் கிடந்த ஒற்றை முக்காலியையும் காட்டி, "அதுல யாரும் ஆடறதில்லீங்க. அம்மாவ அங்க உக்கார வைங்க சார்" என்றார். சும்மா உட்காருவது முறையன்று என்று நான் ஒரு டோக்கன் வாங்கிப் போட்டேன். இருவர் ஆடுவதற்கான பொத்தானை ஜெயராணி அழுத்தினாள்.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் ஒரு குட்டி மனிதன் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். வழியில் குழிகள், செங்கற்படிகள், உருண்டு வரும் முட்பந்துகள், மிதித்தால் உடையும் ஒரு மரப்பாலம். முடிவில் ஒரு வாயில். அதில் ஒரு மணி. மணியை அடித்தால் முதல் நிலை முடிந்து இரண்டாம் நிலை தொடங்கும். முதல் ஆட்டக்காரரின் மனிதனுக்குச் சிவப்புச் சட்டை, இரண்டாம் ஆட்டக்காரருக்குப் பச்சை. இருவரும் ஒரே நேரத்தில் ஆட முடியாது. ஒருவர் ஓர் உயிரை இழந்ததும் மற்றவர் முறை வரும். ஆளுக்கு மூன்று உயிர்கள். நான் சிவப்பு, அவள் பச்சை. முக்காலி ஒன்றே என்பதால் அவள் முறை வரும்போது நான் எழுந்துகொள்வேன்.

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவது அவளுடைய இடக்கையில். சிகிச்சை முடிந்தபின் அந்தக் கையை மடியில் அசையாமல் வைத்திருப்பாள். மிச்சமிருந்த ஒரு கையால் ஓட்டவும் வேண்டும், குதிக்கவும் வேண்டும். முதற்குழி சிறியது, நின்று குதித்தாலே தாண்டிவிடலாம். இரண்டாம் குழிக்கு ஓடிக்கொண்டே குதிக்க வேண்டும்.

"குதிக்கிற பட்டன நீங்க அமுக்குங்க. நான் 'ம்'முனு சொன்னவொடனே அமுக்கணும்."

அவள் 'ம்' என்றாள். நான் அழுத்தினேன். பச்சைச் சட்டை குழிக்குள் போனது.

"வாத்தியாரே, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டா, குழி நிக்குமா?"

"நீ சொல்லாமலே நான் எப்படி அழுத்துவது?"

"நாப்பது வருசம் கூட குடுத்தனம் பண்ணீங்களே, எப்ப 'ம்' சொல்லுவேன்னு தெரியாதா?"

பாலகுமார் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அதன்பின் எத்தனையோ புதன்களும் சனிகளும் முயன்றோம். நான் அழுத்துவது ஒரு நொடி பிந்தும். அல்லது, பிந்தக்கூடாதென்று எண்ணி முந்தும். பச்சைச் சட்டை இரண்டாம் குழியைத் தாண்டியதே இல்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. விழும்போதெல்லாம், மேல்பட்டாம்பாக்கத்தில் தன் தாய்வீட்டுக் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியின் கதையைத் தொடங்குவாள்; கதை முடிவதற்குள் என் உயிரும் போய், அவள் முறை வந்துவிடும்.

எனக்கு ஆட்டம் விரைவில் பிடிபட்டது. ஒருமுறை வாயில்வரை போய்விட்டேன். மணிக்குமுன் கடைசியாக ஒரு குழி மட்டும் இருந்தது.

"மணிய அடிச்சிட்டா இன்னா ஆவும், தம்பி?" என்று பாலகுமாரைக் கேட்டாள்.

"சாரு அடுத்த ஸ்டேஜுக்குப் போய்டுவாருங்கம்மா. நீங்க இதுலியே இருப்பீங்க. நீங்க அடிச்சாதான் நீங்க போவீங்க."

ஜெயராணி திரையைப் பார்த்தாள். பிறகு, "அப்ப அடிக்காதீங்க" என்றாள்.

நான் கையை விட்டேன். சிவப்புச் சட்டை கடைசிக் குழியில் விழுந்தது. அன்றுமுதல் அதுவே எங்கள் வழக்கம். நான் கடைசிக் குழிவரை ஓடுவேன், அங்கே விழுவேன், எழுந்து முக்காலியை அவளுக்குக் கொடுப்பேன். அவள் தாண்டும்வரை நான் தாண்டுவதில்லை.

சென்ற ஆண்டு ஜூலையில் அவளை அடக்கம் செய்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வந்த உறவினர் கிளம்பிப் போன பிறகு ஒரு புதன்கிழமை வந்தது. காலையில் விழித்தேன், குளித்தேன், ஜங்ஷனில் நின்றேன். சிதம்பரத்தில் இறங்கிய பிறகு மருத்துவமனைக்குப் போகக் காரணம் எதுவும் இல்லை. நேரே கூடத்துக்குப் போனேன்.

"அம்மா வரலீங்களா சார்?" என்றார் பாலகுமார்.

"வரவில்லை" என்றேன். அது பொய்யன்று. அடுத்த வாரமும் கேட்டார்; அதே விடையைச் சொன்னேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒருவர் ஆட்டத்துக்கும் பொத்தான் இருக்கிறது. அதை நான் அழுத்தியதில்லை. இருவர் பொத்தானையே அழுத்துவேன். சிவப்பு, கடைசிக் குழியில் விழும். நான் முக்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நிற்பேன். பச்சைச் சட்டை தொடக்க இடத்திலேயே நிற்கும். நகராதவரை எதிரே எதுவும் வராது. மேல் மூலையில் நேரத்தைக் காட்டும் எண் மட்டும் குறைந்துகொண்டே வரும். சுழியாகும்போது பச்சை விழும். என் முறை வரும். ஓராண்டாக இப்படித்தான் ஆடிவருகிறேன். யாருக்கும் இதனால் இடையூறு இல்லை.

இனி, புகாருக்குரிய நாள்.

அன்று என் முதல் உயிர் வழக்கம்போல் கடைசிக் குழியில் போயிற்று. எழுந்து சுவரோரம் நின்றேன். பச்சைச் சட்டை திரையில் நின்றது. அப்போது கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து, என்னைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் சிந்துஜா என்பது பின்னர் தெரிந்தது.

நான் உடனே பேசியிருக்க வேண்டும். ஆனால், அந்த இடம் காலியாக இல்லை என்பதையும், அந்த ஆட்டம் வேறொருவருடையது என்பதையும், முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் மரியாதை குன்றாமல் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வாக்கியம் அமைவதற்குள் பச்சைச் சட்டை முதற்குழியைத் தாண்டிவிட்டது. அதே ஓட்டத்தில் இரண்டாம் குழியையும் தாண்டியது.

அப்போது என் வாக்கியம் கலைந்துபோயிற்று. பச்சைச் சட்டையை அந்தக் குழிக்கு அப்பால் நான் கண்டதே இல்லை. செங்கற்படிகளில் ஏறிற்று. முட்பந்தின்மேல் துள்ளிற்று. பாலம் அதன் காலுக்குக்கீழ் உடைந்து விழ, அது ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிக் குழியையும் தாண்டி மணியை அடித்தது. ஒரு சிறு இசை ஒலித்தது. அதை இதற்குமுன் நான் கேட்டதில்லை. திரை இருண்டது. இரண்டாம் நிலை தரைக்கடியில் இருந்தது. கரிய சுவர்கள், சொட்டும் நீர், நடுவே பச்சைச் சட்டை தனியாக ஓடத் தொடங்கியது.

"எழுந்திரு" என்றேன்.

வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்ட குரல் அது. அன்றும் அப்படியே வந்தது. கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள். இருட்டிலிருந்து ஏதோ ஒன்று ஊர்ந்துவந்து பச்சைச் சட்டையை வீழ்த்தியது.

"சாரி சார். யாரும் இல்லன்னு நெனச்சேன்."

"ஆள் உண்டு."

"எங்க சார்?"

அவளுடைய தோழி ஒருத்தி அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய் சிந்து, பெரியவரு கேமப் போயி புடுங்கிட்டியாடி? பாவம்டி" என்றாள்.

"நீ சும்மா இர்றி" என்ற சிந்துஜாவின் முகம் சிவந்திருந்தது.

பாலகுமார் ஓடிவந்தார். "இன்னா பாப்பா நீ, கேக்கமாட்டியா? அது சார் வூட்டம்மா ஆட்டம். அவுங்க வந்தா ஆடுவாங்க. அவுங்களுக்குத்தான் சாரு அந்த எடத்த வுட்டு வெக்கிறாரு. இல்லீங்களா சார்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரமாட்டாள்" என்றேன். "போன வருடம் ஜூலையில் இறந்துவிட்டாள்."

பாலகுமார் கையில் வைத்திருந்த டோக்கன்களை மேசைமேல் வைத்தார். "நான் கேட்டப்பல்லாம் வரலன்னுதான சார் சொன்னீங்க."

"வரவில்லைதானே."

எனக்கு மேற்கொண்டு பேச நேரமில்லை. திரையில் என் முறை தொடங்கிவிட்டது. வெளிச்சமான முதல் நிலை. அதே வானம், அதே முதற்குழி, சிவப்புச் சட்டை. ஜெயராணி மணி அடித்துப் போய்விட்டாள். நான் இங்கேயே இருந்தேன். எனக்கு இரண்டு உயிர்கள் இருந்தன. அவை போவதற்குள் நான் மணியை அடித்தாக வேண்டும். இல்லையேல் அவள் அந்த இருட்டில் தனியாக நிற்பாள், என் ஆட்டம் இங்கேயே முடிந்துவிடும்.

உட்கார்ந்தேன். அவசரமாக ஓட்டினேன். நின்று குதித்தாலே தாண்டக்கூடிய முதற்குழியில் விழுந்தேன்.

எழுந்து ஒதுங்கினேன். பச்சையின் முறை. இருட்டில் அது நின்றது. யாரும் தொடவில்லை. எண் குறைந்துகொண்டே வந்து சுழியாயிற்று. பச்சைக்கு ஓர் உயிர் மிஞ்சியது. எனக்கும் ஒன்றுதான்.

கடைசி உயிரில் நன்றாகவே ஆடினேன். இரு குழிகளையும் தாண்டினேன். படிகள், முட்பந்து, பாலம் எதிலும் தவறவில்லை. பின்னால் சிந்துஜா, "போங்க சார், போங்க" என்று முணுமுணுத்தது கேட்டது. மணி கண்ணுக்குத் தெரிந்தது. கடைசிக் குழி வந்தது. ஓட வேண்டும், ஓடிக்கொண்டே அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை நாள் பழகிய கைக்கு அது தெரியவில்லை. குழியின் விளிம்புக்கு வந்ததும் அது தானாக விட்டுவிட்டது.

சிவப்புச் சட்டை விழுந்தது. முதல் ஆட்டக்காரரின் ஆட்டம் முடிந்தது என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்துகள் வந்து போயின. பிறகு இருட்டு. பச்சைச் சட்டை தன் கடைசி உயிரோடு, இரண்டாம் நிலையின் தொடக்கத்தில் நின்றது.

நான் எழுந்தேன். முக்காலி காலியாயிற்று. இனி எனக்கு முறை வராது.

சிந்துஜா என் பக்கத்தில் வந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தாள்.

"சார், அவுங்களுக்காக நான் ஆடட்டுமா? ஒங்களக் கேட்டுட்டுதான் ஒக்காருவேன்."

"வேண்டாம்" என்றேன்.

"செரிங்க சார்."

அவள் போய்விடுவாள் என்று எண்ணினேன். போகவில்லை. தோழிகள் கூப்பிட்டார்கள், "நீங்க போங்கடி, வரேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். திரையில் எண் குறைந்தது. எங்கோ நீர் சொட்டுவதுபோல் இயந்திரம் ஒலித்தது.

"அவுங்க பேரு இன்னா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொன்னேன்.

"நல்லா ஆடுவாங்களா?"

"இல்லை. அந்த இரண்டாம் குழியைத் தாண்டியதே இல்லை."

அவள் திரையையே பார்த்தாள். எண் சுழியாயிற்று. பச்சைச் சட்டை விழுந்தது. திரை, ஆட்டம் தொடங்குமுன் ஓடும் விளம்பரக் காட்சிக்குத் திரும்பியது. அவள் தலையசைத்து விடைபெற்றுப் போனாள். நான் ரயிலைத் தவறவிட்டுப் பேருந்தில் கடலூர் வந்தேன். மூவர் அமரும் இருக்கையில் முதுநகர்வரை நான் ஒருவனே.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் உண்டு. இதை எழுதும்போதும் உண்டு. அவள் முதலில் கேளாமல் செய்ததற்காகவே இந்தப் புகார். இரண்டாம் முறை அவள் கேட்டாள். அதையும் எழுதாவிட்டால் புகார் நேர்மையுடையதாகாது.

ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்றைக் கோருகிறேன். வரும் புதன்கிழமையும் நான் அங்கே இருப்பேன். மூலையில் அந்தப் பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். முக்காலி காலியாக இருக்கும். பச்சைச் சட்டை நகராமல் நிற்கும். சுவரோரம் ஒரு கிழவன் கைகட்டி நிற்பான். ஆளில்லை என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு உட்காராதீர்கள். பார்க்காததுபோல் கடந்தும் போகாதீர்கள். வந்து கேளுங்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆயினும் கேளுங்கள்.