நனையாத வழி

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்த கண்ணீரைத் தனபால் துண்டால் துடைத்தார். குனிந்து அழுதுகொண்டிருந்த அவருடைய அக்கா நல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தள்ளி நின்னு அழுவுக்கா. புள்ள மேல படக் கூடாது.”

“கண்ணாடி மேலதானடா உழுவுது? அந்தத் தீவுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்தே உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு.”

உள்ளே மகள் தமிழினி படுத்திருந்தாள். மருந்து கொண்டுபோன முடி திரும்பி வரவேயில்லை.

போன தை மாதம், பாலித் தீவுக்குப் போகலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவள் கடல் பக்கமே போகவில்லை. மலையூர்களாகத் தேடிப் போய், வாசல் வாசலாக உட்கார்ந்து, செத்தவர்களுக்கு என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஏரிக்கரை ஊர் ஒன்றில், எரிக்காமலும் புதைக்காமலும், பெரிய மரத்தடியில் மூங்கில் கூண்டுக்குள் பிணங்களைக் கிடத்தியிருந்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வெகுநேரம் நின்றாள்.

இன்னொரு ஊரில், பிணத்தை உள்ளே வைத்து எரிப்பதற்கான மரக்காளையைச் செய்துகொண்டிருந்தவர்களோடு பேசிவிட்டு வந்து சொன்னாள்.

“அழுதா உசுரு போற வழி நனைஞ்சிருமாம்ப்பா. போக முடியாம இங்கயே நின்னுக்குமாம்.”

“அவுங்க வழக்கம் நமக்கெதுக்கு சாமி?”

“எனக்குப் புடிச்சிருக்கு. எனக்கு யாரும் அழக் கூடாது. சரின்னு சொல்லுங்கப்பா.”

ஏதோ பேச்சு என்று நினைத்து, சரி என்றார். புற்றுநோய்க் கட்டி இருப்பது அவளுக்கு அப்போதே தெரியும் என்பது, ஊர் திரும்பியபின் சேலத்து ஆஸ்பத்திரியில்தான் அவருக்குத் தெரிந்தது.

இன்று காலையில் மனைவி வசந்தாமணியிடம், அழக் கூடாது என்று மகள் கேட்டுக்கொண்டதைச் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவள் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தாள். அழவில்லை. யார் கட்டிப்பிடித்தாலும் மரம்போல் இருந்தாள்.

குளிப்பாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். வசந்தாமணி எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, அழுதா போக மாட்டாளா?”

“அப்படித்தான் சொன்னா.”

“நெசமாலுமா?”

“நெசமாத்தான். அழுவாத வசந்தா.”

அவள் பெட்டிக்குள் குனிந்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கியது வீடே அதிர வெளியே வந்தது.

“அப்ப இரு கண்ணு... போவ வேண்டாம் சாமி... அம்மாகிட்டயே இரு...”

நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தனபால் துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். சரி என்று அவர் சொல்லியிருந்தார்.

“மாமா, நேரமாச்சுங்க,” என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

மகளின் கன்னத்தில் விழுந்த நீர் காதோரம் வழிந்து, கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தனபால் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.