உள்ளே ஆள் இருக்கு

தகரக் கதவில் ஆணி பிடுங்கிய ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து என் முழங்காலில் பொட்டுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறேன், அது தொடைக்கு நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், முடிவதில்லை, வரும்போல இருக்கிறது, வருவதில்லை, வந்துவிட்டாலும் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதாக உடம்பு பொய் சொல்கிறது, கத்தி வைத்த இடம் ஆறிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லி வாரக்கணக்காகிறது, அது ஆறிய இடத்துக்குத் தெரியவில்லை, உள்ளே பாதி வழியில் ஒரு கருங்கல் சில்லு நிற்பதுபோல எப்போதும் ஒரு கனம், உட்கார்ந்தாலும் நின்றாலும் படுத்தாலும் அந்தக் கனம். வெளியே யாரோ வாளியை நங்கென்று வைக்கிறார்கள், யாரு உள்ள, இன்னும் எத்தினி நாழி, குரல் சாந்தகுமாரியுடையது, எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரி, காசிமேட்டின் இந்தச் சந்தில் அத்தனை குடித்தனத்துக்கும் கக்கூஸ் இது ஒன்றுதான், ஆள் இருக்கு என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆள் இருக்கு என்று சொல்லும்போதே நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் நிற்கிறேன், மேல்மாடியில், பட்டுப்புடவைப் பிரிவில், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன், பாத்ரூம் கீழ்த்தளத்தின் பின்பக்கம், போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கை காட்ட வேண்டும், இப்பத்தானம்மா போனே என்பார், புடவை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டேன், வந்ததை அடக்கினேன், முந்தானையை விரித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டே அடக்கினேன், வருஷக்கணக்காக அடக்கியது ஒருநாள் கல்யாணப்பெண் ஒருத்தியின் எதிரே அரக்குப் புடவையைப் பிரிக்கும்போது காலோடு சூடாக இறங்கியது, ரத்தம், மாதவிலக்கு என்று சொல்லித் தப்பித்தேன், அதைச் சொல்லலாம், இன்னொரு பெண்ணின் காதிலாவது சொல்லலாம், இதற்கு உள்ள பெயர் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது. ஆபரேஷன் என்றானதும், அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடலாம், இன்னாத்துக்கு அசிங்கம் என்றார் டில்லிபாபு, என் கணவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்காகத் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர், அவராலும் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை, தன்னைப் பெற்ற அம்மாவிடமும் அப்பெண்டிக்ஸ் என்றே சொன்னார், சாந்தகுமாரி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்து, தழும்பக் காட்டுமே, எங்கண்ணிக்கு இம்மாம் நீளம் என்றாள், நான் புடவையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கடையில் கற்றுக்கொண்ட அதே சிரிப்பு.

தண்ணீர் நிறைய குடிக்கச் சொன்னார்கள், காய்கறி சாப்பிடச் சொன்னார்கள், வெந்நீரில் உட்காரச் சொன்னார்கள், முக்காதீங்க என்றார் டாக்டரம்மா, நான் சாப்பாட்டையே குறைத்துவிட்டேன், சாப்பிட்டால்தானே இங்கே வர வேண்டும், கஞ்சியை வாசல் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் குடித்ததாகச் சொன்னேன், குறையக் குறைய உள்ளே இருந்தது இறுகிக் கல்லாகி இன்று காலை என்னை இந்தத் தகரத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது, காலிரண்டும் மரத்துவிட்டன, எழுந்தால் விழுவேன், உட்கார்ந்தால் கிழியும், கதவை மறுபடி தட்டுகிறார்கள், அது கடையின் கதவு, இல்லை, ஆஸ்பத்திரியின் கதவு, பச்சை உடுப்புக்காரர்கள் என்னை மேசையில் குப்புறப் படுக்க வைத்துப் புடவையைப் பிரிக்கிறார்கள், மடிப்பு மடிப்பாகப் பிரிக்கிறார்கள், அரக்கு நிறம் முடியாமல் வந்துகொண்டே இருக்கிறது, சூப்பர்வைசர் இப்பத்தானம்மா போனே என்கிறார், சுவரில் நெற்றி இடித்து விழித்தேன், வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, வெளியே இப்போது பல குரல்கள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், உள்ளயே குடித்தனமா என்று யாரோ கேட்க யாரோ சிரிக்கிறார்கள், நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுகிறேன்.

அப்போது அந்தக் குரல் வருகிறது, சந்து முனையிலிருந்தே வரும் குரல், கன்னியம்மாள், என் மாமியார், தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாகக் கூவி விற்கிறவர், இன்னாமே இங்க கும்பலு, உள்ள என் மருமவ கீறா, ஒடம்பு சரியில்லாத பொண்ணு, கொஞ்ச நேரம் பொறுத்தா உசுரா போயிடும், போய் வேற வேலயப் பாருங்க, என்றதும் வாளிகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போகின்றன, பிறகு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போடும் சத்தம், அவர் அதில் உட்கார்ந்து முதுகைச் சாய்க்கிறார், தகரம் என் பக்கம் லேசாகப் புடைக்கிறது, ஏமே, மூலந்தான, என்கிறார், அந்தக் குரலில் இவ்வளவு மெல்லிசாகப் பேசமுடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. முந்தானையை வாயிலிருந்து எடுக்கிறேன். உன் துணிய அலசிப்போட்டவ நானு, எனக்குத் தெரியாதா, அவன் சொன்னான்னு நானும் கம்முனு இருந்தேன், பயப்படாத, முக்காத, வாயத் தொறந்து மூச்ச வுடு, நான் இங்கதான் கீறேன்.

மூச்சை விட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், முகம் தெரியாததால் பேசினாரோ என்னவோ, டில்லியப் பெத்தப்ப வந்துச்சுமே எனக்கு, அவனுக்கு இப்ப தல நரைக்குது, இன்னும் போவல, கூடயத் தலமேல தூக்கும்போதெல்லாம் வெளிய வந்துடும், எங்கனா சுவரோரமா ஒதுங்கி உள்ள தள்ளிக்கினு நடப்பேன், உங்க மாமனாராண்டகூடச் சொன்னதில்ல. ஏன் அத்தை சொல்லலை, என்று கதவுக்குள்ளிருந்து கேட்டேன். சொன்னா என் கையால எவமே மீனு வாங்குவா, என்றார், சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பில் அடிவயிறு தானாக இளகியது, நெருப்பை இழுத்துப் பிடுங்கியதுபோல ஒரு வலி, அத்தை என்று கத்திவிட்டேன், ஆச்சு ஆச்சு, அவ்ளோதான், என்று அவர் தகரத்தைத் தட்டிக்கொடுத்தார், குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோல.

கழுவிக்கொண்டு வெளியே வந்ததும் தோளைக் கொடுத்தார், வூட்ல வெந்நீ வச்சிருக்கேன், இனிமே கஞ்சிய சாக்கடைல ஊத்துனே, நானே வாய்ல ஊத்துவேன், என்றார், அதையும் பார்த்திருக்கிறார், பிறகு கொஞ்சம் தயங்கி, இரு, நானும் போய்ட்டு வந்துர்றேன், யாரையும் தட்ட வுடாத, என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நான் கதவோரம் நிற்கிறேன், உள்ளிருந்து அடக்கிய முனகல் வருகிறது, இத்தனை நாள் இந்தச் சந்தில் இருந்தும் யாரும் கேட்காத முனகல், சாந்தகுமாரி மறுபடி வாளியோடு வருகிறாள், இப்ப யாரு உள்ள. எங்க அத்தை, நேரமாகும்க்கா. அவங்களுக்கு இன்னா, உன்ன மாதிரி அப்பெண்டிக்ஸா. எனக்கு அப்பெண்டிக்ஸ் இல்லக்கா, மூலம், அதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணாங்க, என்கிறேன், சொன்ன பிறகும் சந்து அப்படியேதான் இருக்கிறது, சாந்தகுமாரி வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிறாள், முனகல் நின்றுவிட்டது, பிறகு உள்ளிருந்து கன்னியம்மாளின் குரல், சாந்தகுமாரிக்கும் கேட்கிற மாதிரியே, ஏமே, அந்த ஆஸ்பத்திரில பொம்பள டாக்டருதான?