ரோஸ் சிரப் கலந்த மருந்து

அன்று காலை டாக்டர் கமலாவின் காதில் எந்த நோயாளி சொன்னதும் முழுதாக ஏறவில்லை. தியாகதுருகத்தில் இருபது வருடமாக அவரிடமே வைத்தியம் பார்க்கும் மளிகைக்கடை காஜா மைதீன், அந்நேரம் கள்ளக்குறிச்சியில் குடல் நிபுணர் அரங்கநாதனின் மேசையில் மயக்க ஊசியில் படுத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் கலந்திருப்பதைச் சோதனையில் கண்டு, புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து, மூன்று வாரம் கெஞ்சி அனுப்பியவர் கமலாதான்.

"வயித்துல கேமரா வுடறதுக்கு நான் இன்னா கல்யாண மண்டபமா டாக்டரம்மா?" என்று கடைசிவரை முரண்டு பிடித்தார் பாய்.

போன் அடித்தது. அரங்கநாதன்.

"மேடம், கேமரா உள்ளதான் இருக்கு. குடல் முழுக்கச் செவப்பா தண்ணி நிக்குது. ரத்தம்னா இப்பவே நிறுத்திட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். நீங்க என்ன சொல்றீங்க?"

கமலா மனதுக்குள் பாயின் வீட்டுக்குப் போய் வந்தார். கசப்பு மருந்து எதுவும் அங்கே இனிப்பு கலக்காமல் இறங்கியதில்லை.

"சார், அவர் சம்சாரம் வெளியில இருப்பாங்க. போனை அவங்ககிட்ட குடுங்க."

"அவருக்கு இன்னா ஆச்சுங்க?" நூர்ஜகான் போனை வாங்கியதும் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல. நேத்து குடலைக் கழுவக் குடுத்த பேதி மருந்தை எதுல கலக்கினீங்க?"

"தண்ணியிலதான். உப்பு குமட்டிக்கினு வருதுன்னாரு. பாவம்னு கொஞ்சம் ரோஸ் சிரப் வுட்டேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு பாட்டில்."

கமலாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. போனை அரங்கநாதனிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். "அது ரோஸ் சிரப் சாயம். தப்பு என்னுது சார். செவப்பா எதுவும் குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

"சீட்டுல நானும்தான் எழுதல. கழுவிப் பாக்கறேன். போனை வெக்காதீங்க."

தண்ணீர் பீய்ச்சும் சத்தம். வாசலில் நோயாளிகள் முணுமுணுத்தார்கள், கமலா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தெளிஞ்சிடுச்சு. ரத்தமில்ல. ஆனா சுண்டைக்காய் அளவுல ஒரு கட்டி இருக்கு மேடம். இப்பவே எடுத்துடறேன்."

பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை; விட்டிருந்தால் ஒருநாள் ஆகியிருக்கும். அடுத்த சோதனை எப்போது என்று அரங்கநாதன் கமலாவுக்கு எழுதியிருந்தார். கூடப் பிறந்தவர்களையும் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

மறுநாளே காஜா மைதீன் தம்பிகள் தஸ்தகீரையும் கரீமையும் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஓடப் பாத்தானுங்க டாக்டரம்மா."

"அண்ணே, கடையில ஆளில்ல," என்றார் கரீம்.

"உக்காருடா. கடைய பூட்டிட்டுதான் வந்தேன்."

கமலா சிரித்துக்கொண்டே, சோதனைக்கு மலம் எடுத்துவர இரண்டு டப்பாக்களை எடுத்து நீட்டினார்.